பிகட் பிரபுவும் டிராயிங் மாஸ்டரும்

லண்டன் நேஷனல் போர்ட்ரெய்ட் கேலரியின் அச்சுப்படத் தொகுப்பில் ஒரு தாள் இருக்கிறது. குதிரை மேல் ஓர் ஆங்கிலப் பிரபு. பெயர் ஜார்ஜ் பிகட். மெட்ராஸ் கவர்னராக இரண்டு முறை இருந்தவர். நெல்கட்டும்செவல் கோட்டை வாசலில் கும்பினிப் படை வந்து நின்று பாளையக்காரர் புலித்தேவரிடம் பணம் கேட்டதே, அப்போது ஜார்ஜ் கோட்டையில் கவர்னர் நாற்காலியில் இருந்தவர் இவர்தான். மூலப் படத்தைத் தீட்டியவர் ஜார்ஜ் ஸ்டப்ஸ். அதைச் செப்புத் தகட்டில் ஏற்றியவர் பெஞ்சமின் கிரீன். இந்தக் கிரீனுக்கு லண்டனில் கிறைஸ்ட்ஸ் ஹாஸ்பிட்டலில் உத்தியோகம். பெயரைப் பார்த்து மருத்துவமனை என்று நினைத்துவிட வேண்டாம், அது பள்ளிக்கூடம். அங்கே அவர் டிராயிங் மாஸ்டர்.

நானும் டிராயிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவன். பாளையங்கோட்டையில் பையன்களுக்கு மாம்பழமும் மண்பானையும் வரையச் சொல்லிக்கொடுத்தே காலம் போயிற்று. அதனால் இரண்டரை நூற்றாண்டுக்கு முந்தைய அந்த வாத்தியார் மேல் எனக்கு ஒரு பங்காளிப் பாசம். படத்தை அனுப்பியது லண்டனில் இருக்கும் மகள். "அப்பா, நம்ம ஜில்லாவுக்குப் பட்டாளம் அனுப்புன துரையாம், பாருங்க" என்று எழுதியிருந்தாள். அவள் கண் துரை மேல் போயிருக்கிறது. என் கண் அந்தக் கறுப்பின் மேல் போயிற்று. பேனாவால் கோடு போட்டு வந்த கறுப்பு இல்லை அது. தகட்டையே கறுப்பாக்கி, அதிலிருந்து வெளிச்சத்தைச் சுரண்டி எடுத்த வேலை. மெசோடிண்ட் என்று பெயர்.

மியூசியங்களில் இந்த மாதிரிப் படங்களுக்கு முன்னால் யாரும் நிற்பதில்லை. வாளும் பீரங்கியும் பார்த்த வேகத்தில், "யாரோ வெள்ளைக்காரன்" என்று கடந்துவிடுகிறார்கள். நின்று பார்க்கத் தெரிந்தால் ஒரே தாளில் மூன்று நான்கு கதைகள் கிடைக்கும். நமக்கு அதில் கொஞ்சம் பாத்தியதையும் உண்டு.

துரை வந்த வழி

பிகட் 1719-ல் லண்டனில் பிறந்தார். பதினெட்டு வயதில், 1737-ல், கும்பினியின் ரைட்டராக மெட்ராஸில் வந்து இறங்கினார். ரைட்டர் என்றால் கணக்கெழுதும் குமாஸ்தா. அங்கிருந்து படிப்படியாக ஏறி 1755 ஜனவரியில் கவர்னர் ஆனார். 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி மெட்ராஸை முற்றுகையிட்டபோது கோட்டையை விட்டுக்கொடுக்காமல் இரண்டு மாதம் தாக்குப்பிடித்தவர். 1761-ல் பாண்டிச்சேரி விழுந்தபோது அந்த ஊரை இடித்துத் தரைமட்டமாக்கியதும் இவர் காலத்தில்தான்.

நம் பக்கத்துக் கதை 1755-லேயே தொடங்குகிறது. ஆற்காடு நவாப் முகமது அலிக்காகக் கும்பினி சண்டை போட்டது. சண்டைச் செலவு நவாபின் கணக்கில் கடனாக ஏறியது. கடனை அடைக்க வரி வேண்டும். தெற்கே தாமிரபரணிக் கரையில் நெல் விளைந்து கிடந்தது. கோடைமேலழகியான் முதல் மருதூர் வரை ஏழு அணைகள் கும்பினி வருவதற்கு முன்பே இருந்தவை; ஸ்ரீவைகுண்டம் ஒன்றுதான் பிற்பாடு வெள்ளைக்காரர் கட்டியது. கார், பிசானம் என்று இரண்டு போகம். இந்தச் சீமையின் வரியை வசூலித்துத் தரச் சொல்லி கர்னல் ஹெரான் தலைமையில் ஒரு படை கிளம்பியது. கூடவே நவாபின் அண்ணன் மாபூஸ் கான், சிப்பாய்களின் தலைவன் யூசுப் கான்.

பாளையக்காரர்களில் பலர் கொடுப்பதாகச் சொன்னார்கள், சிலர் கொடுத்தார்கள். நெல்கட்டும்செவலில் வேலை நடக்கவில்லை. 20,000 ரூபாய் கொடுத்தால் போய்விடுகிறோம் என்று ஹெரான் பேரத்துக்கு இறங்கியும் புலித்தேவர் மசியவில்லை. அவர் கோட்டை மண் கோட்டை. அதை உடைக்கிற பெரிய பீரங்கி ஹெரானிடம் இல்லை. வந்த படை திரும்பியது. மதுரைக்குப் பக்கம் முன்பே எடுத்து வைத்திருந்த கோயில் விக்கிரகங்களோடு போய், நத்தம் கணவாயில் கள்ளர்களிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டது. ஹெரானை மெட்ராஸில் ராணுவ நீதிமன்றம் விசாரித்து வேலையை விட்டு அனுப்பியது. கால்டுவெல் 1881-ல் வெளியிட்ட திருநெல்வேலிச் சரித்திரத்தில் இதெல்லாம் விவரமாக இருக்கிறது.

பிறகு யூசுப் கானை அனுப்பினார்கள். 1759 கடைசியில் வாசுதேவநல்லூரைத் தாக்கித் தோற்றார். 1761 மே மாதம் நெல்கட்டும்செவல், வாசுதேவநல்லூர், பனையூர் மூன்று கோட்டைகளும் அவரிடம் விழுந்தன. 1763 நவம்பரில் பிகட் கப்பலேறினார். மறு வருஷம் அதே யூசுப் கானை, கலகக்காரன் என்று சொல்லி மதுரையில் தூக்கிலிட்டார்கள்.

ஊர் திரும்பிய பிகட்டுக்கு 1764-ல் பாரோனெட் பட்டம், 1766-ல் அயர்லாந்துப் பிரபு வரிசையில் பாரன் பட்டம். இடையில் 1765-ல் ஸ்டாஃபோர்ட்ஷயரில் பாட்ஷல் என்ற பெரிய பண்ணையை 1,00,000 பவுனுக்கு வாங்கினார். கவர்னர் சம்பளத்தை மிச்சம் பிடித்து வாங்கக்கூடிய சொத்து இல்லை அது. அந்தக் காலத்துக் கும்பினி துரைமாருக்குச் சொந்த வியாபாரம் உண்டு. நவாபுக்கு வட்டிக்குக் கொடுப்பார்கள். நவாப் கொடுக்கும் அன்பளிப்பையும் வாங்கிக்கொள்வார்கள். நவாபுக்குப் பணம் எங்கிருந்து வரும்? ஆற்காட்டுக்கு வந்த வரியில் நம் பிசானமும் சேர்த்தி.

இப்படிப் பிரபு ஆனவருக்கு, தான் பிரபு என்று நாலு பேருக்குத் தெரிய வேண்டுமல்லவா? குதிரை மேல் அமர்ந்து படம் எழுதிக்கொள்வது அரசர்களும் தளபதிகளும் செய்து வந்த காரியம். போட்டோ இல்லாத நாளில் எண்ணெய் வண்ணப் படம் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். அது மாளிகைக் கூடத்தில் மாட்டியிருக்கும். அதையே தகட்டில் ஏற்றி அச்சடித்தால் நூறு வீட்டுக்குப் போகும். லண்டன் கடைவீதிகளில் இதற்கென்றே கடைகள் இருந்தன. கண்ணாடிச் சன்னலில் வரிசையாகப் படங்களை வைத்திருப்பார்கள். வாங்க முடிந்தவர் வாங்குவார். முடியாதவர் தெருவில் நின்று பார்த்துவிட்டுப் போவார். இரண்டு வகையிலும் முகம் ஊருக்குப் பழகிவிடும்.

கறுப்பிலிருந்து வெளிச்சம்

மெசோடிண்ட் எப்படிச் செய்வது? சென்னை ஓவியக் கல்லூரியில் படித்தபோது நானே ஒரு சின்னத் தகட்டில் செய்து பார்த்திருக்கிறேன். வழவழப்பான செப்புத் தகடு. கையில் அகலமான ஓர் எஃகுக் கருவி. அதன் வாய் அரைவட்டமாக வளைந்து, நுனியெல்லாம் பொடிப்பொடிப் பற்கள். அதைத் தகட்டின் மேல் நிறுத்தி, இடமும் வலமுமாக ஆட்டிக்கொண்டே மெல்ல முன்னே நகர்த்த வேண்டும். ஒரு நடை முடிந்தால் தகட்டைத் திருப்பி வைத்துக் குறுக்கே ஒரு நடை. பிறகு மூலைவாட்டில். இப்படிப் பல திசையில் ஆட்டி ஆட்டி, தகட்டில் ஊசி முனை இடம்கூட வழவழப்பாக இல்லாமல் ஆக்க வேண்டும். நம் தெருவில் அம்மி கொத்த வருகிறவர் வழுவழுத்துப்போன கல்லைக் கொத்திச் சொரசொரப்பாக்குகிறாரே, அந்த வேலைதான்; கண்ணுக்குத் தெரியாத அளவில். உள்ளங்கை அகலத் தகட்டுக்கே எனக்கு மணிக்கட்டு வீங்கிவிட்டது. செம்பின் பளபளப்பு போய், தகடு வெல்வெட் மாதிரி மங்கும்போதுதான் வாத்தியார் போதும் என்றார்.

ஒவ்வொரு பல்லும் பதிந்த இடத்தில் ஒரு குழி. குழியின் விளிம்பில் ஒரு பிசிறு எழும்பி நிற்கும். மை தடவினால் குழியும் பிசிறும் சேர்ந்து மையைக் கவ்விக்கொள்ளும். அப்படியே அச்சடித்தால் தாள் முழுக்க அட்டக்கறுப்பு. படம் இனிமேல்தான். முகத்தில் வெளிச்சம் விழும் இடம், சட்டை மடிப்பு, குதிரையின் விலாவில் மினுக்கம் என்று எங்கெல்லாம் வெளுப்பு வேண்டுமோ அங்கெல்லாம் பிசிறைச் சுரண்டியால் வழித்து, மெருகுக் கம்பியால் தேய்க்க வேண்டும். கொஞ்சம் சுரண்டினால் சாம்பல் நிறம். நன்றாகத் தேய்த்து வழவழப்பாக்கினால் மை ஒட்டாது. தாளின் வெள்ளை அப்படியே நிற்கும். மற்ற ஓவியன் வெள்ளைத் தாளில் நிழல் போடுகிறான். இவன் இருட்டுக்குள் இருந்து ஆளை வெளியே கொண்டுவருகிறான்.

இந்த முறையை 1642 வாக்கில் முதலில் செய்தவர் லுட்விக் ஃபான் சீகன் என்ற ஜெர்மானியர். இங்கிலாந்துக்குப் போனபிறகு அங்கேயே வேர் பிடித்து, பிரெஞ்சுக்காரர்களே இதை "ஆங்கிலேய பாணி" என்று சொல்லும்படி ஆயிற்று. எண்ணெய் வண்ணப் படத்தின் பட்டையும் தோலும் நிழலும் மற்ற முறைகளைவிட இதில் நன்றாக வரும். ஒரு குறை உண்டு. ஒவ்வொரு முறை அச்சு உருளைக்குள் போகும்போதும் பிசிறு நசுங்கும். நல்ல கறுப்பு முதலில் எடுக்கும் சில பத்துப் படிகளில்தான். நூறைத் தொடுவதற்குள் மங்கத் தொடங்கிவிடும். அதனால்தான் முந்தி எடுத்த படிக்கு மவுசு.

மியூசியத்தில் பார்க்கிறவர்கள் ஒரு காரியம் செய்யலாம். படத்தைச் சுற்றித் தாளில் ஒரு பள்ளமான தடம் ஓடுகிறதா என்று பாருங்கள். ஈரத்தாளில் தகடு அழுந்திய தடம் அது. தகட்டிலிருந்து எடுத்த படம் என்பதற்கு அடையாளம். பிறகு பூதக்கண்ணாடி. கோடு கோடாக, ஒன்றின் மேல் ஒன்று குறுக்காக ஓடினால், உளியால் வெட்டிய கோட்டு வேலை. பொடிப் புள்ளிகளாக இருந்தால் ஸ்டிப்பிள். லண்டனில் இருந்த இத்தாலியர் பர்டோலோஸ்ஸி இதில் பேர் போனவர். கோடும் இல்லை, தனித்தனிப் புள்ளியும் இல்லை, புகை படர்ந்த மாதிரி இருந்தால் மெசோடிண்ட். ஒரே அளவுப் புள்ளிகள் கட்டம் போட்டாற்போல் வரிசையாக நின்றால், அது போட்டோ பிடித்து அச்சடித்த பிற்காலத்துப் படம். ரொம்ப ஆசைப்பட வேண்டாம்.

அடியில் இருக்கும் எழுத்து

என் அப்பா திருநெல்வேலி டவுன் ரத வீதியில் பாத்திரக் கடை வாசலில் உட்கார்ந்து பேர் வெட்டியவர். கல்யாண மாதங்களில் நிமிர நேரம் இருக்காது. குடம், தவலை, அண்டா என்று சீர்ப் பாத்திரம் குவிந்து கிடக்கும். மையால் எழுதிக்கொண்டு, சின்ன உளியை நிறுத்திச் சுத்தியலால் தட்டித் தட்டிப் புள்ளி புள்ளியாக வெட்டுவார். பெண்ணின் பெயர், ஊர், தேதி. "எழுத்து கோணிச்சுன்னா அந்தக் குடம் இருக்க மட்டும் கோணல்தாம்ல, பாத்துத் தட்டு" என்பார் என்னிடம். அந்த வளர்ப்பினால் எந்த அச்சுப்படத்தைப் பார்த்தாலும் என் கண் முகத்துக்கு முன்னால் கீழே இருக்கும் எழுத்துக்குத்தான் போகும்.

தகட்டில் வெட்டுவது தாளில் இடவலம் மாறி விழும். ஆகவே எழுத்தைக் கண்ணாடியில் தெரிகிற மாதிரித் திருப்பி வெட்ட வேண்டும். அப்பாவுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. லண்டனில் எழுத்து வெட்டுவதற்கென்றே தனி ஆட்கள் இருந்தார்கள். முகம் ஒருவர் கை, எழுத்து இன்னொருவர் கை. வழக்கமாக இடது மூலையில் ஓவியர் பெயர், வலது மூலையில் தகடு செய்தவர் பெயர், நடுவில் பெரிதாகப் பிரபுவின் பெயரும் பட்டமும். அதற்கும் கீழே எப்போது, எங்கே, யார் வெளியிட்டது என்று ஒரு வரி. இந்தக் கடைசி வரிக்குக் காரணம் 1735-ல் வந்த சட்டம். ஹோகார்த் என்ற ஓவியர் தன் படங்களைக் கடைக்காரர்கள் திருட்டுத்தனமாகப் படியெடுத்து விற்பதைப் பொறுக்காமல் பாராளுமன்றம் வரை போய் வாங்கி வந்தது. தகட்டில் உரிமையாளர் பெயரும் தேதியும் இருந்தால் 14 வருஷம் வேறு யாரும் படியெடுக்கக் கூடாது. 1767-ல் அது 28 வருஷம் ஆயிற்று. இன்றைக்கு மியூசியங்கள் அச்சுப்படங்களுக்குத் தைரியமாக ஒரு தேதி சொல்வது பெரும்பாலும் அந்த வரியை வைத்துத்தான்.

செய்தவன் பெயரைச் செம்பில் போடுவது நமக்கும் புதிதில்லை. எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியன் நெடுஞ்சடையனின் வேள்விக்குடிச் செப்பேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ராஜாவின் வம்சப் பெருமையெல்லாம் ஏடு ஏடாகப் போய், கடைசியில் எழுத்து வெட்டியவன் பெயர் வருகிறது: யுத்தகேசரிப் பெரும்பணைகாரன். எங்கள் அப்பா மட்டும் ஆயிரக்கணக்கான பாத்திரத்தில் ஊரார் பேரை வெட்டினார். தன் பேரை ஒன்றில்கூட வெட்டவில்லை.

குதிரைக்காரர் ஸ்டப்ஸ்

ஓவியர் ஸ்டப்ஸ் லிவர்பூலில் தோல் பதனிடுகிறவர் மகன். குதிரையை வரைய வேண்டுமென்றால் அதன் எலும்பும் நரம்பும் தெரிய வேண்டும் என்று லிங்கன்ஷயரில் ஒரு பண்ணை வீட்டில் மாதக்கணக்கில் செத்த குதிரைகளைக் கட்டித் தூக்கி, அடுக்கடுக்காக அறுத்துப் பார்த்து வரைந்தார். அந்தப் படங்களைத் தகட்டில் ஏற்ற லண்டனில் ஆள் கிடைக்காமல் தானே உளி பிடித்துக் கற்றுக்கொண்டு 1766-ல் புத்தகமாகக் கொண்டுவந்தார். அவர் கையில் குதிரை பொம்மையாக இருக்காது. தசை எங்கே இழுக்கிறது என்று தெரியும்.

பிகட்டுக்கும் ஸ்டப்ஸுக்கும் இன்னொரு தொடர்பு உண்டு. மெட்ராஸிலிருந்து பிகட் ஒரு சிவிங்கிப்புலியைக் கொண்டுபோய் மூன்றாம் ஜார்ஜ் மன்னருக்குக் காணிக்கை கொடுத்தார். சிவிங்கி மானை வேட்டையாடும் அழகைக் காட்டுவதற்காக 1764 ஜூன் மாதம் விண்ட்சர் பூங்காவில் வலை கட்டி ஒரு கலைமானோடு விட்டார்கள். கலைமான் கொம்பால் முட்டி விரட்ட, சிவிங்கி பின்வாங்கி, வலையைத் தாண்டி ஓடிப்போய் வேறொரு மானை அடித்தது. இந்தச் சிவிங்கியை ஸ்டப்ஸ் பெரிய எண்ணெய் வண்ணப் படமாகத் தீட்டினார். இப்போது மான்செஸ்டர் ஓவியக் காட்சியகத்தில் இருக்கிறது. அதில் சிவிங்கியைப் பிடித்துக்கொண்டு ஒருவர், மானைக் கைகாட்டி இன்னொருவர் என்று இரண்டு இந்தியர்கள். படத்தின் தலைப்பில் அவர்களுக்குப் பெயர் இல்லை. "இரண்டு இந்தியர்" என்று மட்டும். ஆனாலும் முகங்கள் அச்சடித்த பொது முகங்கள் அல்ல. நேரில் உட்கார வைத்துப் பார்த்து எழுதியவர் கை அது. ஆளுக்கொரு மூக்கும் ஆளுக்கொரு பார்வையும் தெரிகின்றன.

புலித்தேவருக்கு முகம்

பழைய மாணவன் ஒருவனோடு நெல்கட்டும்செவலுக்குப் போயிருந்தேன். இப்போது தென்காசி மாவட்டம். அரசாங்கம் கட்டிய நினைவு மாளிகையில் மீசையும் வாளுமாகப் புலித்தேவர் சிலை. அவன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சார், நெசமாவே இப்படித்தான் இருந்திருப்பாராக்கும்?" என்று கேட்டான். "நமக்கு வேண்டிய மாதிரி இருக்காருடே" என்றேன். புலித்தேவர் சங்கரன்கோவில் கோயிலுக்குள் போய் ஜோதியில் மறைந்தார் என்பது நம் பக்கத்து நம்பிக்கை. அவர் நாளில் எழுதிய படம் நம்மிடம் இல்லை. கட்டபொம்மனுக்கும் அப்படித்தான், 1959-ல் சினிமா வந்த பிறகு கட்டபொம்மன் என்றால் சிவாஜி கணேசன் முகம்தான்.

நம் சீமையில் படம் எழுதத் தெரிந்தவர்கள் இல்லாமலா போனார்கள்? தாமிரபரணிக் கரையில் திருப்புடைமருதூர் கோபுரத்துக்குள் ஏறிப் பாருங்கள். ஐந்து நிலையிலும் சுவர் முழுக்க ஓவியம், மரமெல்லாம் சிற்பம். போர்க்களம் இருக்கிறது, கப்பலில் வந்து இறங்கும் குதிரைகள் இருக்கின்றன. பிகட்டின் குதிரைக்கு நூறு இருநூறு வருஷம் மூத்த குதிரைகள். ஸ்டப்ஸ் அளவுக்கு எலும்புக் கணக்கு இருக்காது. துள்ளல் நிறைய இருக்கும். ஆனால் சுவர் எழுந்து வேறு ஊருக்குப் போகாது. பார்க்க வேண்டியவர்தான் படியேறி வர வேண்டும். லண்டனில் இருந்தது, நம்மிடம் இல்லாமல் போனது, படியெடுக்கும் தொழிலும், நாலு காசு கொடுத்து அதை வாங்கி வீட்டில் மாட்டுகிற சந்தையும்தான். ஒருவர் முகம் நிலைப்பதற்கு அவர் பெரிய மனிதராக இருப்பது மட்டும் போதாது. யாராவது தகடு செய்ய வேண்டும், யாராவது விற்க வேண்டும், யாராவது பெட்டியில் போட்டு வைக்க வேண்டும்.

அந்தத் தொழில் நம் பக்கம் வந்து சேர்ந்தபோது சும்மா வரவில்லை. அன்றைய திருநெல்வேலி ஜில்லாவில் இருந்த கோவில்பட்டியில் கொண்டையராஜு குடியேறினார். அவரும் சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர். அவரும் சீடர்களும் எழுதிய சாமி படங்கள் சிவகாசி அச்சகங்கள் வழியாகக் காலண்டராக நாடெங்கும் போயின. நம் வீட்டு முருகனுக்கும் மீனாட்சிக்கும் இன்றைக்கு நாம் மனசில் வைத்திருக்கும் முகம் பெரும்பாலும் கோவில்பட்டி முகம். லண்டன் கடைவீதி பிரபுக்களுக்குச் செய்ததை, கோவில்பட்டியும் சிவகாசியும் தெய்வங்களுக்குச் செய்தன.

பட்டியலில் யார் பெயர்

பிகட்டின் கடைசிக் காலம் நன்றாக இல்லை. 1775 டிசம்பரில் இரண்டாம் முறை கவர்னராக மெட்ராஸ் வந்தார். நவாப் பிடித்து வைத்திருந்த தஞ்சாவூரை அதன் ராஜா துளஜாவிடம் திருப்பிக் கொடுக்க வந்த வேலை. தஞ்சாவூர் வருமானத்தை நம்பி நவாபுக்குக் கடன் கொடுத்திருந்த கும்பினிக்காரர்களுக்கு அது பொறுக்கவில்லை. 1776 ஆகஸ்ட் 24-ஆம் தேதி அவருடைய சொந்தக் கவுன்சில்காரர்களே கவர்னரைப் பிடித்துக் காவலில் வைத்தார்கள். காவலிலேயே 1777 மே 11 அன்று இறந்தார். கோட்டைக்குள் இருக்கும் செயின்ட் மேரீஸ் தேவாலயத்தில் அடக்கம். அவர் வைத்திருந்த பெரிய வைரத்தை 1801-ல் லாட்டரிச் சீட்டுப் போட்டு விற்றார்கள்.

தாள் மட்டும் பத்திரமாக இருந்தது. அதற்குக் காரணம் பிகட் மேல் யாருக்கும் இருந்த பாசம் இல்லை. 1769-ல் கிரேஞ்சர் என்ற பாதிரியார் இங்கிலாந்துப் பெரிய மனிதர்களின் அச்சுப்படங்களை வரிசைப்படுத்தி ஒரு புத்தகம் போட்டார். அதிலிருந்து முகங்களைச் சேகரிப்பது பணக்காரர்களுக்குப் பித்தாயிற்று. படங்களின் விலை ஏறிற்று. பழைய புத்தகங்களைக் கிழித்துக்கூடப் படம் எடுத்தார்கள். அப்படிச் சேர்த்த குவியல்கள் காலப்போக்கில் மியூசியங்களுக்குப் போயின. 1856-ல் நேஷனல் போர்ட்ரெய்ட் கேலரி தொடங்கியது. பிறகு சலோனர் ஸ்மித் என்பவர் 1878-க்கும் 1883-க்கும் இடையில் பிரிட்டிஷ் மெசோடிண்ட் முகப்படங்களுக்கெல்லாம் ஒரு பெரிய பட்டியல் போட்டார். சேகரிப்பவர்கள் இன்றும் புரட்டுகிற பட்டியல். அதை அவர் பிரபுக்கள் பெயரில் அடுக்கவில்லை. தகடு செய்தவர்கள் பெயரில் அகர வரிசையாக அடுக்கினார். அந்த முறைப்படி கவர்னருக்கு இடம், டிராயிங் மாஸ்டர் கிரீனின் பெயருக்குக் கீழேதான். ஏலத்தில் வாங்குகிறவர்கள் ஸ்டப்ஸின் குதிரைக்காகக் கை தூக்குகிறார்கள். பிகட் அதன் முதுகில் தொற்றிக்கொண்டு வருகிறார்.

லண்டன் வரை போக வேண்டாம். சென்னை ஜார்ஜ் கோட்டை மியூசியத்தில் கவர்னர்களின் எண்ணெய் வண்ணப் படங்களோடு, தாமஸ் டேனியலும் அவர் சகோதரர் மகன் வில்லியமும் செய்த அச்சுப்படங்களும் இருக்கின்றன. அந்த இருவரும் 1792-ல் நம் ஊர் வந்து பாபநாசம் அருவியையும் குற்றாலத்தையும் வரைந்து போய் லண்டனில் அச்சிட்டார்கள். நம் மாவட்டத்திலும் பழைய மிஷன் பங்களாக்களிலும் ஜமீன் வீடுகளிலும் யாரோ ஒரு லார்டு, யாரோ ஒரு பிஷப் கறுப்புச் சட்டத்துக்குள் தொங்கிக்கொண்டிருப்பார். அவற்றை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வெயில் படும் சுவரில் மாட்டாதீர்கள். லேமினேட் செய்யாதீர்கள், அட்டையில் பசை போட்டு ஒட்டாதீர்கள். புது பிரேம் போடக் கொண்டுபோனால் கடைக்காரர், "கீழ எழுத்துதான சார், ரெண்டு இஞ்ச் எடுத்துருவோம், கச்சிதமா உக்காரும்" என்பார். நான் கேட்டிருக்கிறேன். ஓவியன், தகடு செய்தவன், கடைக்காரன், தேதி எல்லாம் அந்த இரண்டு இஞ்சில்தான் இருக்கிறது. பிரேமைப் பெரிதாகப் போடச் சொல்லுங்கள்.